அண்ணன் லேமினேட் செய்த விவாகரத்து

அமெரிக்காவில் இந்தக் கவுண்டிக் கோர்ட்டுக்குள் போவதற்கு யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதை நம் பக்கத்தில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள், கைப்பையை ஒரு இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு குடும்பக் கோர்ட் ஆவண அறைக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் ஒரு பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயருக்கு உரியவர் யாரைக் கட்டினார், ஏன் பிரிந்தார், பிள்ளை யாரிடம், நாய் யாரிடம் என்று எல்லாவற்றையும் திறந்து காட்டிவிடுவார்கள். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்றுகூடக் கேட்பதில்லை. கவுண்டி என்பது நம் தாலுகா மாதிரி ஒன்று. தாலுகா ஆபீஸில் என் பிறப்புச் சான்றிதழையே எனக்குக் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்டார்கள். இங்கே அடுத்தவன் விவாகரத்தைக் கேள்வியே இல்லாமல் கொடுக்கிறார்கள்.

நான் பழக்கதோஷத்தில் வீட்டிலிருந்தே ஒரு நீண்ட விளக்கம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இந்த ஆள் என் அண்ணன் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை, ஏற்கெனவே ஒருமுறை கல்யாணம் ஆனவர், இதே கவுண்டியில்தான் விவாகரத்து ஆனது என்கிறார், அது உண்மையா என்று எங்கள் சர்ச்சில் கேட்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் கேரட் துண்டைக் கடித்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். எனக்கு எதற்கு வாழ்த்து என்று புரியாமல் நானும் தேங்க்யூ சொல்லிவைத்தேன். பெயரைத் தட்டிப் பார்த்தார். திரையில் ஏதோ வந்ததும் கேரட்டைக் கீழே வைத்தார். ஓரத்தில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, அவசரப்படாமல் உட்கார்ந்து படியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் அங்கே போய் உட்கார்ந்த கதைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. என் அண்ணன் தேவராஜ் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்றால் அவர் ஓட்டுவதில்லை, டிரைவர்கள் ஓட்டுகிறார்கள், அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து போன் பேசுவார். ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற இந்தத் தொழிலில் இருப்பதால், எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்களுக்கு அண்ணன்தான் விசாரணைக் கமிஷன். முன்பெல்லாம் பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள யாராவது ஒரு மாமா அவன் தெருவுக்குப் போய் டீ குடிப்பார். இப்போது யாரும் தெருவில் இருப்பதில்லை, எல்லாரும் கம்பெனியில் இருக்கிறார்கள். ஆகவே கம்பெனி கேட்டில் விசாரிக்கிறார்கள். பர்மனென்டா, கான்ட்ராக்டா? ஓவர்டைம் பார்க்கிறானா, பார்த்த காசைக் குடித்துவிடுகிறானா? திங்கட்கிழமை லீவு எடுக்கிற பழக்கம் உண்டா? இதெல்லாம் ஜாதகக்காரர்களுக்குத் தெரியாது, வேன் டிரைவருக்குத் தெரியும். அண்ணன் ஒரே ஒரு 'ம்ஹூம்' சொல்லி நிறுத்திய கல்யாணங்கள் பென்னலூர் முதல் படப்பை வரை இருக்கின்றன. அதில் அவருக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்டவருக்கு, சொந்த மகள் விஷயத்தில் வேன் போகாத இடத்தில் மாப்பிள்ளை வந்து வாய்த்தார். பையனுக்கு முப்பத்தெட்டு வயது. அமெரிக்காவில் இருப்பதால் இன்னும் பையன். வல்லக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், ஒரகடத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து இங்கே அனுப்பப்பட்டு, இங்கேயே தங்கிவிட்டவர். நான் அவரைத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் கைதுடைக்கும் தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பவ்யமான ஆளை எந்தக் கேட்டில் விசாரிப்பது? முதல் மனைவிக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை, மனசு சரியில்லாமல் போய்த் திரும்பிப் போய்விட்டாள் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் சர்ச் போதகருக்குத்தான் போதவில்லை. விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கொண்டுவா, இல்லாவிட்டால் மூன்றாம் ஓலை படிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஓலை என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனையில் மணமக்கள் பெயரைப் படிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். நான் பிறந்ததிலிருந்து ஒருவரும் ஒரு தடையும் சொல்லி நான் கேட்டதில்லை. என் ஓலையும் அங்கேதான் படித்தார்கள். அன்றைக்குச் சொல்ல யாரிடமாவது விஷயம் இருந்திருக்கலாம், ஆனால் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஓலை படித்த மறுநாள் அண்ணன் போனில் கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிடுவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான்.

"நல்லா கீறியா? ஒரு வேல கீது. அந்தக் கோர்ட்டு உனக்குத் தெரிஞ்ச எடம்தான. கொஞ்சம் போயி அந்தப் பையனோட பேப்பரு இன்னான்னு பாத்துக்கினு வா."

"எந்தக் கோர்ட்டுண்ணா?"

"இன்னா தெரியாத மாரி கேக்குற. நீ போனதுதான். அத்தோட, அவன் சம்பளம் எவ்ளோன்னும் அதுல போட்டிருப்பாங்களாம். அதயும் பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் விவாகரத்து வாங்கியது இதே கோர்ட்டில்தான். அன்றைக்கு அண்ணன் என்னிடம் சொன்னது, கோர்ட்டுப் படியை மிதித்தவள் இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க வேண்டாம் என்பது. ஊரில் அவர் அதைவிட நல்ல ஒரு ஏற்பாடு செய்தார். நான் ஊருக்குத் தனியாக வந்து போனால் கேட்கிறவர்களிடம், என் கணவருக்கு நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டார். வேறு ஊராக இருந்தால் இது நிற்காது. எங்கள் பக்கத்தில் புருஷன் பகல், பெண்டாட்டி இரவு என்று ஒரே வீட்டில் பார்த்துக்கொள்ளாமலே குடும்பம் நடத்துகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பதால், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பல வருடங்களாக என் முன்னாள் கணவர் நைட் ஷிஃப்டில்தான் இருக்கிறார். ரொடேஷன் கூட மாறவில்லை. பாவம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று சபை மூப்பர் ஒருவர் என்னிடமே சொல்லி அனுப்பினார்.

இப்படி மூடிவைத்த கோர்ட் வாசம், மகள் கல்யாணம் என்றதும் ஒரு தகுதியாக மாறிவிட்டது. மறுத்திருக்கலாம். ஆனால் அண்ணன் மகள் பிரிசில்லா எனக்குப் பிடித்த பெண். கார் விளக்கு செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள். நூறு விளக்கு வந்தால் அதில் கீறல் விழுந்த ஒன்றைக் கண்டுபிடித்து ஒதுக்கி, ஏன் ஒதுக்கினேன் என்று மேனேஜரிடம் வாதாடுகிற வேலை. வீட்டில் மட்டும் வாயைத் திறக்காமல் வளர்த்திருந்தார்கள். அவளுக்காகப் போனேன்.

அந்தக் கோப்பில் விவாகரத்துத் தீர்ப்பு சிறியதுதான். அதற்கு முந்தியதுதான் பெரியது. முதல் மனைவி பாதுகாப்பு கேட்டு மனு போட்டிருந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்துவைத்தது, போனைப் பிடுங்கியது, குழம்பில் உப்பு கூடிய ஒரு நாள் செருப்பில்லாமல் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியது, பனியில் நின்றவளைப் பக்கத்து வீட்டு ஆள் பார்த்து போலீஸைக் கூப்பிட்டது, கையில் இருந்த தழும்புக்கு டாக்டர் எழுதியது என்று வரிசையாக இருந்தது. நீதிபதி அவளை நம்பி, இவர் அவள் இருக்கும் இடத்துப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் சத்தம் போட்டுக் கொட்டாவி விட்டபடி தன் பழைய வழக்கைத் தேடிக்கொண்டிருந்தார். என்னுடைய கோப்பும் இதே கம்ப்யூட்டரில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இதேபோல் கொட்டாவி விட்டுக்கொண்டு படிக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் வாக்குமூலத்தில் பெற்றோர் ஊரும் இருந்தது. மணிமங்கலம்.

அண்ணன் கேட்டாரே என்று சம்பளத்தையும் தேடினேன். அந்தத் தாள்களை மட்டும் மூடி வைத்திருந்தார்கள். கண்ணாடி அம்மாளிடம் கேட்டபோது, அது அவருடைய அந்தரங்கம், கொடுக்க முடியாது என்றார். அடித்ததைக் கொடுப்பீர்கள், சம்பளத்தைக் கொடுக்கமாட்டீர்களா என்று கேட்டேன். நான் ஏதோ புகார் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினார். இங்கே வந்த புதிதில் ஒருத்தியிடம் எவ்வளவு சம்பளம் என்று கேட்டுவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். நம் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரே கேட்பார். ஆனால் அடி வாங்கினாயா என்று பெற்ற தாய்கூடக் கேட்கமாட்டாள். இரண்டு நாட்டுக்கும் வெட்கம் உண்டு. எங்கே கதவைச் சாத்துவது என்பதில்தான் ஒத்துப்போவதில்லை.

தீர்ப்பு, பாதுகாப்பு உத்தரவு, அவள் வாக்குமூலம் எல்லாவற்றுக்கும் சீல் குத்திய நகல் வாங்கி, படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று தமிழில் பேசியும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையும் படித்தாயிற்று என்று அண்ணி போட்டோ அனுப்பியபோதுதான் எனக்கு விளங்கியது. போட்டோவில் அண்ணன் போதகருக்குப் பக்கத்தில் நின்று ஒரு தாளைப் பிடித்திருந்தார். தீர்ப்பின் முதல் பக்கம். கலரில் பிரிண்ட் எடுத்து, சீல் நன்றாகத் தெரியும்படி லேமினேட் செய்திருந்தார். கவுண்டி முத்திரைக்குக் கீழே மாப்பிள்ளையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்ததால், பார்க்கிறவர்களுக்கு அவர் ஏதோ பரீட்சையில் பாஸானதுபோல் இருந்தது.

உடனே கூப்பிட்டேன்.

"அண்ணா, மத்த பக்கமெல்லாம் படிச்சியா?"

"நீ பேசுனத கேட்டேன். அதெல்லாம் எல்லா வூட்லயும் இருக்கறதுதான. பனியில நிக்க வெச்சான்றாங்க. இங்க எங்கள கம்பெனிக்காரன் தெனமும் கேட்டுல வெயில்ல நிக்க வெக்கறான், நாங்க கேஸா போட்டோம்?"

"கோர்ட்டே அவன கிட்ட வராதன்னு சொல்லியிருக்குண்ணா."

"அது அந்தப் பொண்ணுகிட்ட வராதன்னு. நம்ம பொண்ணுகிட்ட வராதன்னா சொல்லிச்சி? அத வுடு. சம்பளம் எங்க?"

"அத மூடி வெச்சிட்டாங்க. தரமாட்டாங்க."

அண்ணன் இப்போதுதான் கவலைப்பட்டார். "இன்னாத்துக்கு மூடறான்? அப்போ அதுலதான் ஏதோ கோல்மால் கீது."

அந்தப் பெண்ணின் வீடு மணிமங்கலத்தில்தான் இருக்கிறது, உன் வேன் தினமும் அந்த வழியாகத்தானே போகிறது, ஒரு வார்த்தை கேட்டாயா என்றேன். அண்ணன் நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல் அதட்டினார். "அத்துக்கினு வந்த பொண்ணு வூட்ல போயி இன்னான்னு கேக்கறது? நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பான்?" கடல் தாண்டிக் கோர்ட்டில் போய் விசாரிக்கலாம். கேட்டில் விசாரிக்கலாம், கேன்டீனில் விசாரிக்கலாம். அவனோடு குடித்தனம் செய்தவளிடம் மட்டும் விசாரிக்கக்கூடாது. எங்கள் வழக்கத்தில் அது இல்லை. என்னைப் பற்றியும் யாரும் என்னிடம் விசாரித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து பிரிசில்லா கூப்பிட்டாள். பின்னால் பஸ் சத்தம், கம்பெனி வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"அத்தை, அப்பா ஒரு லேமினேஷன் வெச்சிக்கினு எல்லாருக்கும் காட்டறாரு. அதுல கீழ, மொத்தம் இத்தினி பக்கத்துல இது மொத பக்கம்னு போட்டுருக்கு. மீதி எங்கன்னு கேட்டா ஒண்ணியும் இல்லன்றாரு. உன்கிட்ட இருந்தா எனக்கு அனுப்பு."

அனுப்பினேன். அவளிடம் இருந்து கட்டைவிரல் வரவில்லை. ஒரு நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, அண்ணன் கடன்பட்டு நகை எடுத்துவிட்டார். இனி இந்தப் பெண்ணால் என்ன செய்ய முடியும், நான்தான் அவள் நிம்மதியையும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். மறுநாள் கூப்பிட்டபோது அவள் குரல் நிதானமாக இருந்தது.

"மணிமங்கலம் போயிட்டு வந்தேன் அத்தை. அந்த அக்காவைப் பாத்தேன். நல்லாத்தான் கீறாங்க. மனசுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. கைல தழும்பு காட்டினாங்க."

"வீட்டுல உள்ள விட்டாங்களா?"

"வூட்டுக்குப் போவல, வேன் ஸ்டாப்லயே பாத்துட்டேன். அவங்களும் ஒரகடத்துலதான் வேல செய்றாங்க. அப்பாவோட ரெண்டாவது வேன்லதான் தெனமும் போறாங்க. டிரைவருக்கு எல்லாம் தெரியும். ஏன் சொல்லலன்னு கேட்டா, ஓனர் கேக்கலியேன்றாரு."

நான் சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையில் போய் நின்றது. அப்பாவிடம் எப்படிச் சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். தனியாகச் சொன்னால் மூடிவிடுவார், எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்கிறேன் என்றாள். அதற்கு மேல் அவள் விளக்கவில்லை.

எங்கள் சர்ச் ஆராதனை இப்போது நேரலையில் வருகிறது. வாலிபர் சங்கத்தார் ஒரு தூணில் கேமராவைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் தலைகள்தான் தெரியும். அங்கே ஞாயிறு காலை என்றால் எனக்குச் சனிக்கிழமை இரவு. சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போதகர் மூன்றாம் ஓலையைப் படித்தார். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஸ்தோத்திரக் கூட்டத்து அறிவிப்பை எடுத்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு தலை எழுந்தது.

"ஐயா, தடை கீது."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கும்மா?"

"எனக்குத்தான் ஐயா. இது என் ஓலை."

யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். பிரிசில்லா சத்தம் போடவில்லை. கம்பெனியில் விளக்கை ஒதுக்கிவைத்துக் காரணம் சொல்கிற குரல் அதுவாகத்தான் இருக்கும். "நீங்க வெச்சிருக்கறது மொத பக்கம் மட்டும்தான் ஐயா. அதுக்கு முன்னாடி நடந்தது மீதிப் பக்கத்துல கீது. மாப்பிள்ளை மொத சம்சாரத்த இன்னா பண்ணாருன்னு கோர்ட்டே எழுதியிருக்கு. எங்க அத்தை எடுத்துக் குடுத்தாங்க. அவங்களும் அதே கோர்ட்லதான் டைவர்ஸ் வாங்குனாங்க, அவங்களுக்கு அந்த எடம் தெரியும். சந்தேகம்னா கேளுங்க, இப்போ பாத்துக்கினுதான் இருப்பாங்க." சொல்லிவிட்டு அவள் தூணைப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து அத்தனை தலைகளும் திரும்பின. இவ்வளவு வருடங்களுக்குப் பிறகு எங்கள் சபை முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. அவர்களுக்குத் தெரிந்தது கேமராதான். நான் என்னை அறியாமல் சேலைத் தலைப்பைத் தேடினேன். ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

அந்த நேரம் என் போன் அடித்தது. அண்ணன். திரையில் பார்த்தால் அண்ணன் ஆண்கள் பக்கத்து முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், கையில் போனே இல்லை. நேரலை இங்கே வந்து சேர அரை நிமிடம் பிந்துகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனை எடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உன்ன இன்னா பண்ணாம்மா உன் வூட்டுக்காரன்?" என்றார் அண்ணன்.

திரையில் அவர் அப்போதுதான் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பக்கக் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.